மதர் சாப்பிடவில்லை

அந்தக் கப்பல்காரனை எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்த அன்று அவன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். மதர்.

ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. அறுபதுகளின் கடைசி. நான் அங்கே நர்ஸ். துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் யாருக்காவது அடிபட்டால் ஏஜென்ட் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார். கப்பல் கிளம்பிப் போய்விடும், ஆள் எங்களோடு இருப்பான். இவன் நைஜீரியாக்காரன். கப்பலின் அடித்தட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு "மதர், மதர்" என்றான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மதர் என்றால் தலைமைக் கன்னியாஸ்திரீ ஒருவர்தான். செத்துப்போவோம் என்ற பயத்தில் கூப்பிடுகிறான் என்று நினைத்து நான்தான் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தேன். அவர் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து, "பயப்படாதே மகனே" என்றார். அவன் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினான். கட்டிலுக்கு அடியில் கிடந்த தன் கித்தான் பையைக் காட்டினான். அம்மாவின் போட்டோ எதையோ கேட்கிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. மதர் குனிந்து கயிற்றை அவிழ்த்து உள்ளே கை விட்டார்.

அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஜெபம்கூட வாய்க்குள்தான் சொல்வார். அன்று அவர் போட்ட கூச்சலில் பிரசவ வார்டிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

பையில் பாம்பு. மூன்றடிக்கு மேல் இருக்காது. கறுத்த உடம்பில் காப்பிப்பொடி நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. தரையில் விழுந்ததும் சீறவில்லை, ஓடவில்லை. தலையை நடுவில் ஒளித்து உடம்பைச் சுற்றி ஒரு பந்தாகிவிட்டது. வாட்ச்மேன் கழியோடு வந்தார். "நவுருங்க நர்ஸம்மா, ஒரே போடு" என்று கையை ஓங்கினார். அப்போது அந்தக் கப்பல்காரன் முறிந்த தொடையோடு கட்டிலிலிருந்து எழப் பார்த்தான். எழ முடியாமல் அவன் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை என் வீட்டுக்காரர் முதல் பிஷப் வரை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கழிக்கும் பாம்புக்கும் நடுவில் போய் நின்றேன். "பேஷன்ட் சாமான்ல யாரும் கை வைக்கக்கூடாது. வெளியே போங்க" என்றேன். பாம்பு பேஷன்ட் சாமானா என்று மதர் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் சாயங்காலத்துக்குள் அந்தச் சாமான் ஆஸ்பத்திரியை விட்டுப் போயாக வேண்டும், கொண்டுபோக வேண்டியது நீ என்றார்.

நாங்கள் குடியிருந்தது கடற்கரைப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப் போர்ஷனில். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கோதுமைக் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற வேலை. அவர் வந்தபோது அடுப்பங்கரை மூலையில் மூடிபோட்ட பிரம்புக் கூடை இருந்தது.

"இன்னாமே இது, மீனா?"

"பாம்பு."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா பாம்பு?"

"நல்ல பாம்பு இல்லீங்க."

"அப்போ கெட்ட பாம்பா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா கெட்ட பாம்ப வூட்டுக்கு இட்டாந்துகிறியே, உனுக்கு இன்னா பேஜாரு புட்ச்சிகிச்சி?"

விஷமில்லை, மலைப்பாம்பு வகை என்று ஏஜென்ட் சொன்னார், அந்தக் கப்பல்காரன் கால் குணமாகும்வரைதான் என்று சொல்லி அவரை உள்ளே இழுத்தேன். அன்று அவர் கட்டிலை விட்டுக் கால் கீழே வைக்கத் தயங்கினார் என்பதைத் தவிர வேறு பிரச்சினை செய்யவில்லை. நல்ல மனிதர்.

கப்பல்காரனின் கதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. அவன் பேசியது ஒரு மாதிரி உடைசல் இங்கிலீஷ். என்னுடையது ஆஸ்பத்திரி இங்கிலீஷ். இரண்டையும் வைத்துக்கொண்டு முட்டி மோதிப் புரிந்துகொண்டோம். அவன் ஊரில் இந்தப் பாம்பை எல்லாரும் "எங்கள் அம்மா" என்பார்களாம். வீட்டுக்குள் வந்தால் விரட்ட மாட்டார்கள். தெரியாமல் மிதித்துச் செத்துப்போனால்கூட மனிதருக்குச் செய்வதுபோலத் துணி சுற்றிக் குழி வெட்டிப் புதைப்பார்கள். அவர்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றிய மரத்தோடு இது கப்பலுக்கு வந்திருக்கிறது. மற்றவர்கள் அடிக்கப் போனபோது இவன் பிடித்துப் பையில் ஒளித்துவிட்டான். உன்னைத் திரும்ப அதே மண்ணில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அதற்குச் சத்தியம் செய்துவிட்டான்.

இதற்குள் அவன் ஊரில் சண்டை மூண்டுவிட்டது. அதிலிருந்து வீட்டுக் கடுதாசி இல்லை. அங்கே அவனைப் பெற்றவள் தனியாக இருந்தாள். எப்படியாவது அவளிடம் போய்விட வேண்டும் என்பதுதான் அவன் குறி. ஆனால் ஊர் அம்மாவைச் சாகடித்துவிட்டு என் அம்மா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்பான். இரண்டு அம்மாவும் அவனுக்கு ஒரே முடிச்சில் இருந்தார்கள்.

அந்தப் பாம்பு கப்பலில் ஏறியதிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அவர்கள் பேச்சில் சாப்பிடுவதற்கு "சாப்" என்று சொல்வார்கள். பாம்பை வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் காலையில் நான் வார்டுக்குள் நுழைந்ததும், "சிஸ்டர், மதர் சாப்?" என்றான். நம் தமிழைத்தான் பாதியில் விழுங்கிவிட்டான் என்று நினைத்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவன் விழித்தான். அவன் பேச்சு அவனுடையது, என் பேச்சு என்னுடையது, எங்கேயோ கடலுக்கு நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டன. அன்றிலிருந்து எங்களுக்குள் மற்ற எல்லாப் பேச்சையும்விட அந்த ஒரு சொல்லுக்குத்தான் வேலை அதிகம். "மதர் சாப்?" என்பான். "நோ சாப்" என்பேன். அவன் முகம் விழுந்துவிடும்.

சாப்பிட மாட்டேன் என்கிறவர்களைச் சாப்பிட வைப்பது என் தொழிலில் பாதி. காய்ச்சல்காரர், கிழவர், பிள்ளை செத்துப் பிறந்த தாய் என்று எத்தனையோ பேர் வாயை இறுக்க மூடிக்கொண்டதைத் திறந்திருக்கிறேன். மூன்றடிப் பாம்பு எனக்கு எம்மாத்திரம் என்றுதான் ஆரம்பித்தேன். சந்துக்காரர்கள் பால் வை, முட்டை வை என்றார்கள். பால் திரிந்து போயிற்று. முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலைப்பாம்புக்குக் கோழிதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஒரு கோழிக்குஞ்சை வாங்கிக் கூடைக்குள் விட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் பாம்பு வழக்கம்போலப் பந்தாகக் கிடக்கிறது, அதன்மேல் ஏறிக் கோழிக்குஞ்சு சுகமாகத் தூங்குகிறது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குஞ்சு பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்து பெரிய சேவலாகிச் சந்து முழுவதையும் அதிகாரம் செய்தது.

"எலி, எலி" என்றான் கப்பல்காரன், பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டு வைத்திருந்த சொல்லை, கை விரல்களால் மீசை வைத்துக் காட்டி. எலிக்கு எங்களிடம் குறைவே இல்லை. எங்கள் போர்ஷனுக்குக் கீழே ஒரு கருவாட்டுக் கிடங்கு இருந்தது. நெத்திலியும் சுறாவும் வாளையும் கூரை வரை அடுக்கியிருக்கும். அங்கிருந்த எலிகள் கொழுத்துப்போய்ப் பூனைக்கு வழிவிடாமல் நடக்கும். கிடங்குக்காரரிடம் கேட்டு எலிப்பொறி வைத்தோம். வைத்த அன்றே விழுந்தது. கூடைக்குள் விட்டு, எலி பாம்பைக் கடிக்காமல் இருக்கிறதா என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பாம்பு நாக்கை நீட்டியது. எலிப் பக்கம் இரண்டு முறை நீட்டியது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் பந்து.

அடுத்த வாரம் சின்ன எலி. அதற்கடுத்து பெரியது. பிறகு நாங்களே அடித்துக் கொன்ற எலி. மார்கழிக் குளிர்தான் காரணமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரி ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பிக் கூடைக்கு அடியில் வைத்தேன். பாம்பு அதன்மேல் நகர்ந்து வந்து படுத்துக்கொண்டது, சாப்பிடவில்லை. ஆட்கள் வந்து வந்து வேடிக்கை பார்ப்பதால் மிரளுகிறது என்று தோன்றியது. உண்மையிலேயே எங்கள் வீடு அப்போது மியூசியமாகத்தான் இருந்தது. வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்தவர்களைக்கூடக் கூட்டிவந்து காட்டினார்கள். ஒருநாள் மாடிப்படியில் துடைப்பத்தோடு நின்று, இனி எவனாவது ஏறினால் நடப்பதே வேறு என்று கத்தினேன். அதன்பிறகு யாரும் வரவில்லை. பாம்பு ஒளிந்துகொள்ள உடைந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் புகுந்துகொண்டது. பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கண் இரண்டும் பால்போல வெளுத்துவிட்டது. குருடாகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று வார்டில் போய் அழுதேன். அவன் சிரித்தான். சட்டையைக் கழற்றுவதுபோல நடித்துக் காட்டினான். சொன்னபடியே நாலைந்து நாளில் தலை முதல் வால் வரை ஒரே உறையாகத் தோலைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று வந்தது. இனிமேல் பசிக்கும் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன். எலியைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தவக்காலம் வர்து இல்ல, அது முன்னாலயே நோன்பு புட்ச்சிகினு கீது. நம்மளவிட பக்தி" என்றார் என் வீட்டுக்காரர். நான் கூடையைத் திறந்தேன். பாம்பின் முதுகெலும்பு மேலே துருத்திக்கொண்டு வந்துவிட்டது. தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது. முதலில் அருவருப்போடு தொட்ட உடம்பு அது. இப்போது அந்த எலும்பின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த வாரம் ஏஜென்ட் வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பல் ஒன்று பத்துப் பன்னிரண்டு நாளில் சென்னைக்கு வருகிறது, கேப்டன் இவனை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். அவன் காலில் மாவுக்கட்டை எடுத்தாகிவிட்டது. கக்கத்தில் கட்டைகளை ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகலாம் என்றதும் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான், "மதர் சாப்?"

"நோ சாப்."

"நோ சாப், நோ கோ" என்றான். அவ்வளவுதான். சாப்பிடாத பாம்பு அந்தக் கடலைத் தாண்டாது. வழியில் அது செத்தால் அவன் சத்தியமும் அதோடு கடலில். அதற்கு அவன் தயாரில்லை. ஏஜென்ட் திட்டினார், மதர் புத்தி சொன்னார், நான் கத்தினேன். உன்னைப் பெற்றவள் அங்கே தனியாக இருக்கிறாள், பைத்தியக்காரா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கண்ணீர் விட்டானே தவிர, போகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "சாப்ட்டுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு கப்பல் ஏத்தி வுட்ரு. அப்பால அவன் பாடு, பாம்பு பாடு. ஒரு பொய்யில ஒரு மன்சன் தாயாண்ட போய் சேருவான்னா இன்னா தப்பு?"

தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. மறுநாள் போனதும் அவன் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன், "மதர் சாப்!" அவன் நம்பாமல் பார்த்தான். நான் விடவில்லை. நேற்று சாயங்காலம், பெரிய எலி, ஒரே பாய்ச்சலில் பிடித்தது, தலையிலிருந்து விழுங்கியது, கால் மணி நேரம் ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் அடுக்கினேன். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு சிரித்தான். தொடாமல் வைத்திருந்த ரொட்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினான். பக்கத்துக் கட்டில்காரரிடம், "மதர் சாப், மதர் சாப்" என்றான். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்தார்.

நான் வார்டை விட்டு மாடிப்படி வரை போனேன். அதற்குமேல் கால் போகவில்லை. அவன் அந்த ரொட்டியை மென்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்து கட்டிலருகில் நின்று, "பொய் சொன்னேன் தம்பி. நோ சாப்" என்றேன். வாயில் இருந்ததை அவன் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஊசி போட்டால் கையை நீட்டுவான், அவ்வளவுதான்.

எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே கோபமும். யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனை பேருக்கு ஊட்டிய கை இது, ஒரு பாம்பிடம் தோற்பதா என்று பிடிவாதம் ஏறிக்கொண்டது. ஆறாம் நாள் காலையில் பொறியில் விழுந்த எலியை டிபன் கேரியரின் அடித்தட்டில் அடைத்து எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போனேன். மேல்தட்டில் என் மத்தியானச் சோறு இருந்தது. ஆத்திரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை.

அவன் கட்டிலருகே திரையை இழுத்துவிட்டு, "பார். இதைத்தான் கொடுக்கிறேன். இதில் என்ன குறை? சொல்லு" என்று தட்டைக் கொஞ்சம் திறந்து மூக்கருகே நீட்டினேன்.

அவன் வேண்டாவெறுப்பாகத் திரும்பினான். எட்டிப் பார்த்தான். மோந்தான். முகம் மாறிவிட்டது. எழுந்து உட்கார்ந்து மறுபடியும் மோந்தான்.

"ஃபிஷ்" என்றான்.

"ஃபிஷ் இல்லை. எலி. கண் தெரியவில்லையா?"

"ஐ சீ எலி. ஐ ஸ்மெல் ஃபிஷ்." பிறகு என் கையைப் பிடித்து மோந்தான். என் சேலைத் தலைப்பை மோந்தான். "சிஸ்டர் ஃபிஷ். எலி ஃபிஷ். ஆல் ஃபிஷ்."

எனக்கு வந்ததே கோபம். தினமும் ரெண்டு வேளை குளிக்கிறேன், ஆஸ்பத்திரி சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், என்னைப் பார்த்து நாறுகிறாய் என்கிறானே. கேரியரை மூடிக்கொண்டு நர்ஸுகள் அறைக்கு வந்து பொரிந்து தள்ளினேன். அங்கே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீயளே?"

"சொல்லு."

"அவன் சொல்லுதது நெசந்தான்க்கா. உங்க மேல எப்பவும் கருவாட்டு வாடை அடிக்கும். நீங்க மட்டுமில்ல, இந்தப் பக்கத்துல எல்லார் மேலயுந்தான். வந்த புதுசுல எனக்குச் சோறே எறங்கல. நாங்க உங்ககிட்ட எப்படிச் சொல்ல முடியும்?"

சுருக்கென்று தைத்தது. ஒரு வருஷமாக அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நடு அறையில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கீழே கிடங்கு வாசலில் போய் நின்றேன். அங்கே ஏதோ லேசாக, உப்புக் காற்று வீசினால் இருப்பதுபோல. பிறந்ததிலிருந்து அதில் புரண்ட மூக்கு இது, அதற்கு எப்படித் தெரியும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் நாலு பக்கமும் மோந்துவிட்டு, "இன்னா வாசன? ஒன்னியும் இல்லியே" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. பாம்பு நாக்கால் மோப்பம் பிடிக்கும் பிராணி. கருவாடு தின்று கருவாட்டில் படுத்துக் கருவாடாகவே ஆகிவிட்ட எலியை அதன் முன்னால் கொண்டுவந்து வைத்தால் அதற்கு எலி என்று எப்படித் தெரியும்? எங்கள் கூரை, பாய், கூடை, என் கை எல்லாம் அடித்த வாடைதான் அந்த எலிமேலும் அடித்தது. மூன்று மாதமாக நான் அதற்கு எலியே கொடுக்கவில்லை. வாலும் மீசையும் முளைத்த கருவாட்டைத்தான் கொடுத்திருக்கிறேன்.

"உங்க கோதுமை ஷெட்ல எலி கீதா?" என்று கேட்டேன். ஆத்திரத்திலும் அவசரத்திலும் எனக்கும் அந்தப் பேச்சுதான் வரும்.

"எலியா? மூட்டைய எண்றதே நாங்க, துன்றதே அதுங்கதான்."

"நாளைக்கு ஒன்னு புட்ச்சிகினு வாங்க. பொறிய இங்கேர்ந்து எடுத்துகினு போவாதீங்க. வேற பொறி. சாக்கும் அங்கேர்ந்தே. நீங்க கையால தொடவே கூடாது."

"நான் தொட்டா இன்னாமே?"

"நீங்களும் கருவாடுதான்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் வேலை முடிந்து, கோதுமைச் சாக்கில் சுற்றிய மரப் பொறியைக் கழியின் முனையில் தொங்கவிட்டு, உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி சந்து முழுக்க நடந்து வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். பொறியை மாடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுக்கும் துன்னலன்னா அத்த நான் துன்றேன்" என்றார்.

வெயில் இறங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வெந்நீர்ப் பையை மாற்றினேன். பொறியின் வாயைக் கூடையின் வாயோடு சேர்த்துத் திறந்துவிட்டேன். தவிட்டு நிறத்தில் நடுத்தர எலி. தயங்கித் தயங்கி உள்ளே போயிற்று. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பிரம்புச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கவிழ்த்த சட்டியின் விளிம்பில் நாக்கு வந்தது. போயிற்று. மறுபடியும் வந்தது. அதன்பின் அது நிற்கவே இல்லை, உள்ளே வெளியே என்று ஓடிக்கொண்டிருந்தது. தலை மெதுவாக வெளியே வந்தது. கழுத்து வளைந்தது. அந்தக் கழுத்து அப்படி வளைந்து நான் பார்த்ததே இல்லை.

எப்போது பாய்ந்தது என்று தெரியவில்லை. டப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் எலியைச் சுற்றி இரண்டு வளையம். என் வீட்டுக்காரர் "ஏசுவே" என்றார். நான் அவர் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. இறுக்கியது, காத்திருந்தது, அவிழ்த்தது. தலையைத் தேடிக் கண்டுபிடித்தது. வாயைத் திறந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த உடம்புக்குள் எலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "தின்னு சனியனே, தின்னு என் கண்ணு, தின்னு" என்று நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் வால் மட்டும் வெளியே நின்று, அதுவும் போயிற்று. பாம்பு இரண்டு தடவை கொட்டாவி விட்டது.

கூடையோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி அவனிடம் காட்ட வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் சாப்பிட்ட பாம்பை இரண்டு மூன்று நாள் அசைக்கவே கூடாது, அசைத்தால் கக்கிவிடும் என்று அவனே ஆரம்பத்தில் சொல்லியிருந்தான். கப்பலுக்கு இன்னும் நாலு நாள்தான். ஏஜென்ட் மறுநாள் காலையில் முடிவு கேட்க வருகிறார். கட்டை ஊன்றுகிறவனால் எங்கள் மாடிப்படி ஏற முடியாது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒருமுறை பொய் சொன்ன வாய் மட்டும்தான் இருந்தது.

காலையில் வார்டுக்குப் போனேன். அவன் உட்கார்ந்திருந்தான். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"மதர் சாப்" என்றேன்.

எவ்வளவு பெரிய எலி, எப்படிப் பாய்ந்தது, எத்தனை நிமிஷம் என்று ஒன்றுமே சொல்ல வாய் வரவில்லை. அன்று அத்தனையும் சொன்னவள் நான். இன்று நிஜமாகவே பார்த்துவிட்டு வந்து ஒற்றை வார்த்தையோடு நின்றேன். நம்பாவிட்டால் என்ன செய்வேன்? அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஒரு கேள்விகூடக் கேட்காமல் காலைக் கீழே தொங்கவிட்டு, "சிஸ்டர், மை பூட்ஸ்" என்றான்.

கட்டிலுக்கு அடியில் மூன்று மாதமாகக் கிடந்த பூட்ஸை எடுத்துத் தூசி தட்டி நானே அவன் காலில் மாட்டினேன். ஏஜென்ட் வந்தபோது அவன் கட்டைகளை ஊன்றி வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

நாலாம் நாள் நாங்கள் கூடையைக் கொண்டுபோய்த் துறைமுக வாசலில் கொடுத்தோம். உள்ளே கோதுமைச் சாக்கு விரித்திருந்தது. என் வீட்டுக்காரர் இன்னொரு மரப் பொறியில் வழிச்செலவுக்கு என்று இரண்டு எலியைப் பிடித்துத் தந்தார். அவன் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாம்பின் வயிற்றைத் தடவிப் பார்த்தான். என்னைப் பார்த்து, "மதர் சாப்" என்றான். போய்விட்டான்.

கடுதாசி வரவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம் படுபாவி என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் காலைப் பேப்பரில் அவன் ஊர்ப் பக்கத்துப் படம் வந்தது. சண்டையால் பஞ்சமாம். வெறும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தோள் எலும்பும் கழுத்து எலும்பும் துருத்திக்கொண்டிருந்தன. அவனைப் பெற்றவள் எப்படி இருப்பாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அவன் ஜாடை யாருக்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பேப்பரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். பசியில்லை என்றேன்.